நீலியை வகுப்பறைக்குள் விடுங்கள்: குமரி மாவட்டக் கல்வி அலுவலர்களுக்கும் தமிழாசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும், மாவட்டத்தின் தலைமையாசிரியர்களுக்கும், என் சக தமிழாசிரியர்களுக்கும் வணக்கம்.

கல்குளம் வட்டத்தில் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை தமிழ் கற்பிக்கிறேன். சென்ற கல்வியாண்டில் எங்கள் வட்டாரப் பள்ளி ஒன்றில் வகுப்பு நூலகத்திலிருந்து பேய்க்கதைப் புத்தகங்கள் அகற்றப்பட்டன. பெற்றோர் சிலர் வந்து முறையிட்டார்கள். மறுநாள் புத்தகங்கள் அலுவலக அறையின் பீரோவுக்குள் போய்விட்டன. கேட்ட பிள்ளைகளுக்கு "நல்ல புத்தகமாக எடுத்துப் படி" என்று பதில் சொல்லப்பட்டது. அந்தப் பள்ளியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பல பள்ளிகளில் எழுதாத விதியாக இருப்பது அங்கே கண்ணெதிரே நடந்தது, அவ்வளவுதான்.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டு, ஒன்பதாம் வகுப்புகளில் ஆண்டுக்கு ஒரு மாதம், நம் ஊர்ப் பழங்கதையில் வரும் நீலி முதல் வெளிநாட்டுப் பேய்க்கதைகள் வரை, அச்சம் தரும் கதைகளை வைத்து வாசிப்பையும் படைப்பெழுத்தையும் கற்பிக்க எங்களுக்கு எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். அலமாரியின் மூலையில் ஒளித்துவைத்துத் தருகிற சலுகையாக இல்லாமல், பாடத்திட்டத்தோடு இணைத்த பயிற்சியாக வேண்டும். ஏன் என்று விளக்கத்தான் இந்த மடல்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டின் முதல் மாவட்டமாக நின்றது நம் குமரி. 91 விழுக்காட்டுக்கும் மேல். மேடைதோறும் இதைச் சொல்லிக்கொள்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் என் வகுப்பில் தடங்கல் இல்லாமல் வாசிக்கிற பிள்ளைகளிடம், "இவன் ஏன் அந்தக் கதவைத் திறக்கவில்லை?" என்று கேட்டால் விரலை வரிகளின் மேல் ஓட்டி விடையைத் தேடுகிறார்கள். வரியில் விடை இல்லையென்றால் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். கட்டுரை எழுதச் சொன்னாலோ, முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று துணைநூல் வாக்கியங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. பிள்ளையின் சொந்த வாக்கியம் ஒன்றுகூட அதில் இருப்பதில்லை. எழுத்துக்கூட்டத் தெரிந்த பிள்ளை, எழுதாமல் விட்டதை ஊகித்தறியவும் தெரிந்த பிள்ளையாக வேண்டும். அந்த இடைவெளியைக் கடக்க, நான் பார்த்த அளவில், அச்சக் கதையைப் போல உதவுவது வேறொன்றும் இல்லை.

காரணம் எளியது. மற்றக் கதைகளில் ஆசிரியர் கேட்டால்தான் பிள்ளை ஊகிக்கும். பேய்க்கதையில் கேட்காமலே ஊகிக்கும். அடுத்து என்ன வரும், அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது, இவள் சொல்வது உண்மையா என்று ஒவ்வொரு வரியிலும் சந்தேகப்பட்டுக்கொண்டே படிக்கும். நாம் வாசிப்புத் திறன் என்று கற்றல் விளைவுகளில் எழுதிவைத்திருப்பதும் இதைத்தானே?

மேலைநாட்டார் கோத்திக் என்று அழைக்கும் கதைமரபு 1764இல் ஹொரேஸ் வால்போல் எழுதிய ஒட்ராண்டோ கோட்டைக் கதையோடு தொடங்குகிறது. வால்போல் அதை முதலில் தன் பெயரில் வெளியிடவில்லை. பழைய இத்தாலிய நூல் ஒன்றின் மொழிபெயர்ப்பு என்று சொல்லித்தான் வெளியிட்டார். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில்தான் உண்மையைச் சொன்னார். இந்த ஒரு செய்தியிலிருந்தே ஒரு முழு எழுத்துப் பயிற்சி கிடைக்கிறது. "உங்கள் தாத்தா வீட்டு மச்சில், பத்தாயத்துக்கு அடியில் ஒரு பழைய கடிதம் கிடைக்கிறது. அதை நீங்கள் எழுதவில்லை, கண்டெடுத்தீர்கள்" என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளை தன் நடையை விட்டுவிட்டு இன்னொரு காலத்து நடையைத் தேடத் தொடங்கும். வீட்டில் போய்ப் பாட்டியிடம் அந்தக் காலத்தில் கடிதம் எப்படித் தொடங்குவீர்கள் என்று கேட்கும். நடை என்றால் என்ன என்பதை நான் கரும்பலகையில் எழுதிக் கற்பித்ததைவிட இது நன்றாகக் கற்பிக்கிறது.

1816 கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் ஒரு வீட்டில் சிலர் விடாத மழையில் அடைபட்டுக் கிடந்தார்கள். முந்தைய ஆண்டு இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்துக் கக்கிய சாம்பலால் ஐரோப்பாவில் அந்த ஆண்டு கோடையே வரவில்லை. ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார் கவிஞர் பைரன். அந்தப் போட்டியில்தான் பதினெட்டு வயதுப் பெண்ணான மேரி ஷெல்லி ஃபிராங்கன்ஸ்டைன் கதையைத் தொடங்கினார். 1818இல் அது புத்தகமாயிற்று. என் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு இதைச் சொல்லும்போது அவர்கள் நிமிர்ந்து உட்காருவதை நீங்கள் பார்க்க வேண்டும். தங்களைவிட நாலைந்து வயது மூத்த ஒருத்தி, மழைக்கு ஒதுங்கிய நாளில், உலகம் மறக்காத ஒரு கதையைத் தொடங்கினாள் என்பது அவர்களுக்குப் பெரிய செய்தி. நம்முடையது தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழையும் பெறுகிற மாவட்டம். ஜூன் மாத மழையில் மின்சாரம் போய், ஓட்டின் மேல் மழை கொட்டுகிற சத்தத்தில் பாடம் நடத்த முடியாத மதியங்கள் எத்தனை வருகின்றன! அந்த மதியங்களை எழுதுவதற்கென்றே ஒதுக்கலாம்.

1897இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய டிராகுலா முழுக்க முழுக்க நாட்குறிப்புகள், கடிதங்கள், தந்திகள், செய்தித்தாள் நறுக்குகள், ஒரு கப்பலின் பதிவேடு ஆகியவற்றால் ஆனது. எந்த ஒரு பாத்திரத்துக்கும் முழுக்கதை தெரியாது. வாசிப்பவர்தான் துண்டுகளைச் சேர்க்கிறார். கடிதம் எழுதுதல், செய்தி எழுதுதல், நாட்குறிப்பு எழுதுதல் என்று நாம் தனித்தனியாக, உயிரில்லாமல் நடத்துகிற பயிற்சிகள் அத்தனையும் இந்த ஒரே வடிவத்துக்குள் வந்துவிடுகின்றன. நான் வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து இதைச் செய்ய வைத்தேன். ஒரு குழு முட்டம் கலங்கரை விளக்கக் காவலரின் பதிவேட்டை எழுதியது. இன்னொன்று, வெளியூரில் இருக்கும் அண்ணனுக்குத் தங்கை எழுதும் கடிதம். மற்றொன்று, நாகர்கோவில் செய்தியாளர் அனுப்பிய மூன்று பத்திச் செய்தி. கடைசிக் குழு மருத்துவமனைச் சீட்டு ஒன்றைத் தயாரித்தது. ஒரு குழு எழுதியது அடுத்த குழுவுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் வரிசையாக வாசித்தபோது, அவற்றுக்கு நடுவில் யாரும் எழுதாத ஒரு நிகழ்ச்சி இருப்பதை வகுப்பே கண்டுபிடித்தது. அலுவலக நடையும் செய்தி நடையும் வீட்டு நடையும் எப்படி வேறுபடுகின்றன என்று அதன்பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு, நமக்கு எதற்கு என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்குத் தொல்காப்பியத்தைத்தான் விடையாகச் சொன்னேன். உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதான மெய்ப்பாடுகள் எட்டில் ஒன்றாக அச்சத்தை வைத்த தொல்காப்பியர், அது எங்கே பிறக்கும் என்பதையும் வகுத்துவிட்டார்: "அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே." தெய்வமும் பேயும் அடங்கிய அணங்கு, விலங்கு, கள்வர், அரசன் முதலிய மேலோரைக் குறிக்கும் இறை. இந்த நான்கையும் நான்கு சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டு, எடுத்த சீட்டுக்கு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அணங்குச் சீட்டை எடுத்த பிள்ளைகள் துள்ளிக்குதிப்பார்கள். ஆனால் ஆழமாக எழுதப்படுவது இறைச் சீட்டுக்குத்தான். குடித்துவிட்டு வருகிற அப்பாவின் செருப்புச் சத்தம், பணம் கட்டாத மாதத்தில் வாசலில் வந்து நிற்கும் வட்டிக்காரரின் பைக், மாமாவை விசாரிக்க வந்த காவல்துறை வண்டி. இப்படிப்பட்ட பக்கங்களை வேறு எந்தத் தலைப்பின் கீழும் நான் பெற்றதில்லை.

ஆன் ராட்கிளிஃப் என்ற ஆங்கில நாவலாசிரியையின் கட்டுரை ஒன்று, அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1826இல் வெளிவந்தது. அச்சம் வேறு, கொடூரம் வேறு என்று அதில் அவர் பிரிக்கிறார். அச்சம் உள்ளத்தை விரித்து அதன் ஆற்றல்களை எழுப்பும். கொடூரம் அதைச் சுருக்கி உறையவைத்துவிடும் என்பது அவர் வாதம். தொல்காப்பியர் அச்சத்தை ஒரு மெய்ப்பாடாகவும் அருவருப்பும் இழிவும் சேர்ந்த இளிவரலை வேறொரு மெய்ப்பாடாகவும் வைத்ததை இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம். வகுப்பறைக்கு எதை எடுத்துவரலாம், எதை எடுத்துவரக் கூடாது என்பதற்கான அளவுகோலும் இதுவே. ரத்தம் பீறிடுகிற காட்சியும் வெட்டிச் சிதைத்த உடலும் எனக்கு வேண்டாம். மூடிய கதவு போதும்.

அதே ராட்கிளிஃப் 1794இல் எழுதிய உடோல்ஃபோ நாவலில், கதாநாயகி ஒரு கறுப்புத் திரையை விலக்கிப் பார்க்கிறாள், மயங்கி விழுகிறாள். அவள் எதைப் பார்த்தாள் என்று ஆசிரியர் சொல்வதே இல்லை. நூற்றுக்கணக்கான பக்கங்கள் தாண்டி, நூல் முடியப்போகும் நேரத்தில்தான், அது மெழுகால் செய்த ஒரு பிண உருவம் என்று தெரியவருகிறது. ராட்கிளிஃப்பின் பேய்களுக்குப் பெரும்பாலும் கடைசியில் இப்படி ஓர் இயற்கையான விளக்கம் இருக்கும். மூடநம்பிக்கையை வளர்த்துவிடுவோம் என்று அஞ்சுகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று நம் அரசமைப்புச் சட்டத்தின் 51-அ பிரிவு சொல்கிறது. என் வகுப்பில் எந்தப் பேய்க்கதை வாசித்தாலும் பிள்ளைகள் இரண்டு விளக்கம் எழுத வேண்டும்: பேய் உண்டு என்று வைத்து ஒன்று, பேய் இல்லை என்று வைத்து ஒன்று. இரண்டுக்கும் கதையிலிருந்து வரிகளைச் சான்றாகக் காட்ட வேண்டும். சான்று இல்லாத விளக்கத்துக்கு மதிப்பெண் கிடையாது. புதுமைப்பித்தனின் காஞ்சனையை ஒன்பதாம் வகுப்பில் இப்படி வாசித்தோம். கதை சொல்கிறவனே கதாசிரியன். அவன் கண்டது மெய்யா, அவன் மனம் கட்டியதா? வகுப்பு இரண்டாகப் பிரிந்து, மணி அடித்த பிறகும் வரிகளைக் காட்டிக் காட்டி வாதாடியது. பத்துக் குறுவினாக்களுக்கு விடை எழுதவைத்திருந்தால் அந்த நாவடக்கமில்லாத ஆர்வம் வந்திருக்குமா?

அச்சத்தை எழுதுவதில் தமிழுக்கென்று சில வசதிகள் இருக்கின்றன. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. என்ன நடந்தது என்பது கடைசிச் சொல் வரை தெரியாது. எழுவாய் வெளிப்படையாக வராத தோன்றா எழுவாயை நாம் இலக்கணப் பாடத்தில் ஒரு வரையறையாக நடத்திவிட்டுப் போகிறோம். "மாடிப்படியில் இறங்கி வந்தது" என்று எழுதிக் காட்டி, எது வந்தது என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் அந்த இலக்கணத்தை ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள். திணையும் அப்படித்தான். ஒரு நாள் கரும்பலகையில் இப்படி எழுதினேன்:

"வாசலில் மாமா நின்றார். விளக்கைத் தூக்கிப் பிடித்தேன். நின்றது."

வகுப்பு ஒரு கணம் பேசவில்லை. பிறகு பின்வரிசையில் ஒரு பையன், "டீச்சர், அது மாமா இல்லை" என்றான். எப்படிக் கண்டுபிடித்தாய் என்றேன். "நின்றார் என்று போட்டுவிட்டு நின்றது என்று போட்டிருக்கிறீர்கள்" என்றான். உயர்திணை, அஃறிணை என்ற பாகுபாட்டை ஆறாம் வகுப்பிலிருந்து மனப்பாடமாக ஒப்பித்துவந்த பையன் அவன். அதனால் என்ன ஆகும் என்பதை அன்றுதான் கண்டான். திணை வழுவைப் பிழை என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது. தெரிந்தே செய்யும்போது அது கலையாகிறது என்பதையும் காட்ட வேண்டும்.

எழுத்துப் பயிற்சிக்கு என் வகுப்பில் ஒரு விதி வைத்திருக்கிறேன். பயம், பயங்கரம், திகில், பேய், ஆவி ஆகிய சொற்கள் பக்கத்தில் எங்கும் வரக்கூடாது. ஒரு மாணவி முதலில் எழுதியது: "அந்த அறை மிகவும் பயங்கரமாக இருந்தது. எனக்கு மிகவும் பயமாக இருந்தது." விதியைச் சொன்ன பிறகு அடித்துவிட்டு எழுதினாள்: "பாட்டி போன பிறகு அந்த அறையை யாரும் திறப்பதில்லை. வெற்றிலைச் செல்லம் பெட்டிக்கு மேலேயே இருக்கிறது. இன்று காலை பார்த்தேன். சுண்ணாம்பு ஈரமாக இருந்தது."

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டாவதில் உணர்ச்சியைக் குறிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் பொருள்கள் இருக்கின்றன, இடம் இருக்கிறது, ஒரு வீட்டின் வழக்கம் இருக்கிறது, வாசிப்பவர் செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. காய்ந்திருக்க வேண்டிய சுண்ணாம்பு ஏன் ஈரமாக இருக்கிறது என்று நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். எழுதத் தெரிந்த பெரியவர்களே தவறவிடுகிற இடம் இது. எட்டாம் வகுப்பு மாணவி ஒரே அமர்வில் அதைத் தொட்டாள். அதே வகுப்பில், ரப்பர் தோட்டத்துத் தொழிலாளியின் மகன் ஒருவன் எழுதியதையும் சொல்ல வேண்டும்: "விடிவதற்கு முன் அப்பா பால் வெட்டப் போவார். நான் திண்ணையில் இருந்து பார்ப்பேன். தலைவிளக்கு மரத்துக்கு மரம் போகும். இன்று ஒரு மரத்தில் நின்றது. அடுத்த மரத்துக்குப் போகவில்லை." அவன் அதுவரை அரைப் பக்கம்கூடத் தாண்டி எழுதாதவன். குலசேகரம், திருவரம்பு பக்கத்து ரப்பர்க் காடுகளின் விடியற்காலையை நம் பாடநூல்களில் நான் படித்ததில்லை. அவன் நோட்டில்தான் படித்தேன்.

இனி நீலி. பார்வதிபுரத்தை ஒட்டிய கள்ளியங்காடு அவள் பெயரோடு சேர்ந்தே அறியப்படுகிறது. அவளுக்கும் இசக்கிக்கும் யட்சிக்கும் இந்த மாவட்டத்தில் இடமில்லாத ஊரே இல்லை எனலாம். அவர்களுக்குக் கோயில் உள்ள முப்பந்தல் இருக்கிறது, மேலாங்கோடு இருக்கிறது. வில்லுப்பாட்டில் அவள் கதை பாடப்பட்டு வந்திருக்கிறது. நாட்டாரியல் ஆய்வாளர் அ.கா. பெருமாள் போன்றவர்கள் இந்த மாவட்டத்துக் கதைப்பாடல்களைத் தேடித் தொகுத்து அச்சில் தந்திருக்கிறார்கள். கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி ஒரு வணிகனைப் பின்தொடர்கிறாள். இவன் என் கணவன் என்று ஊர்ச்சபையில் முறையிடுகிறாள். இல்லை, இவள் பேய் என்று அவன் கதறுகிறான். குழந்தை அவனை அப்பா என்கிறது. ஊர்ப் பெரியவர்கள் அவளை நம்பி, இருவரையும் ஒரே வீட்டில் இரவு தங்கச் சொல்கிறார்கள். காலையில் அவன் உயிரோடு இல்லை.

இந்தக் கதையில் எந்த இடம் உங்களைப் பயமுறுத்துகிறது என்று வகுப்பில் கேட்டால் முதலில் எல்லோரும் நீலி என்பார்கள். மறுவாசிப்புக்குப் பிறகு சில பிள்ளைகள் தயங்கித் தயங்கிச் சொல்வார்கள்: "பெரியவர்கள் சொன்னதுதான் டீச்சர்." உண்மையைச் சொல்கிறவனை ஒருவரும் நம்பவில்லை, கதவைப் பூட்டியது நல்ல மனிதர்கள். அதன் பிறகு இன்னொரு கேள்வி வரும்: அவள் ஏன் இப்படி ஆனாள்? முற்பிறவியில் அவளைக் கொன்றவன்தான் இந்த வணிகன் என்ற பகுதிக்கு அப்போது போக வேண்டும். நியாயம் எந்தப் பக்கம் என்று பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்ல முடியாமல் போகிறது. அந்தத் திணறல் அவர்களுக்குத் தேவை. அநியாயமாகச் செத்தவர்கள் அடங்காமல் திரும்பி வருவதுதான் நம் வில்லுப்பாட்டுக் கதைகளில் எத்தனையோவற்றின் கரு. பழைய குற்றம் ஒன்று புதைத்த இடத்திலிருந்து எழுந்து வருவதுதான் வால்போல் தொடங்கிய கோட்டைக் கதைகளின் கருவும். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கக் குமரி மாவட்டத்துப் பிள்ளைகளைவிடத் தகுதியானவர்கள் யார்?

வில்லுப்பாட்டைக் கேட்டுக் கற்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. புலவர் கதையை உச்சத்துக்குக் கொண்டுபோய் அங்கே நிறுத்துவார். வீசுகோல் வில்லில் விழும், குடம் முழங்கும், பக்கப்பாட்டுக்காரர் "ஆமா" போடுவார், ஏதோ ஒன்றைக் கேட்பார். கதை அங்கேயே காத்திருக்கும். அந்த நிறுத்தத்தில் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். உரக்க வாசிக்கும் பயிற்சியில் நாம் வேகத்தையும் பிழையின்மையையும்தான் அளக்கிறோம். எங்கே நிறுத்துவது என்பதை வில்லுப்பாட்டுக் கலைஞர் ஒருவர் அரை மணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடுவார். அவர்களில் பலர், கோயில் விழாக்கள் நடக்கும் கொடைக்காலம் தவிர்த்த மாதங்களில் வேறு கூலி வேலைக்குப் போகிறார்கள். மதிப்பூதியம் கொடுத்துப் பள்ளிக்கு அழைப்பது அவர்களுக்கும் உதவும்.

எதிர்ப்புகளை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கோயிலும் குருசடியும் பள்ளிவாசலும் ஒரே சாலையில் இருக்கிற மாவட்டம் இது. பேய் என்ற பேச்சே வீட்டில் கூடாது என்று வளர்க்கிற கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுடைய விசுவாசத்தை நான் மதிக்கிறேன். இசக்கியைக் குலதெய்வமாகக் கும்பிடுகிற குடும்பத்துப் பிள்ளை முன்னால் அவளைப் பேய் என்று ஆசிரியர் சொல்லிவிட்டால் அதுவும் பெரிய புண்படுத்தல். அந்த வீட்டில் எப்படிச் சொல்வார்களோ அப்படித்தான் வகுப்பிலும் சொல்ல வேண்டும். ஆகவே மாதம் தொடங்கும் முன்பே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கதைகளின் பட்டியலை வைத்துப் பேசிவிடலாம். ஒரு கதை வேண்டாம் என்கிற வீட்டுப் பிள்ளைக்கு அதே பயிற்சிக்கு வேறு கதை கொடுக்கலாம். கள்வர் சீட்டும் விலங்குச் சீட்டும் இருக்கின்றனவே. ஒரு வீட்டார் தங்கள் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமையை நான் மறுக்கவில்லை. ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை எவருக்கும் கிடையாது.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. 2004 டிசம்பர் 26 அன்று கடல் நம் குளச்சலையும் கொட்டில்பாட்டையும் மணக்குடியையும் என்ன செய்தது என்பதை இன்றைய மாணவர்கள் வீட்டார் சொல்லித்தான் அறிவார்கள். ஒக்கிப் புயல் அப்படியல்ல. அது வந்தது 2017 நவம்பர் கடைசியில். அப்போது சிறு பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் இருக்கிறார்கள். கடலுக்குப் போன தகப்பன் திரும்பாத வீடுகள் கடற்கரை ஊர்களில் இருக்கின்றன. உடலும் கிடைக்காத வீடுகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளையின் முன்னால், இறந்தவர் திரும்பி வரும் கதையை யோசிக்காமல் எடுத்துவைப்பது கொடுமை. கடற்கரைப் பள்ளிகளில் கதையைத் தேர்ந்தெடுக்கும் முன் வகுப்பாசிரியரிடம் பேசியாக வேண்டும். எந்தப் பிள்ளையையும் தன் பக்கத்தை உரக்க வாசிக்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. வெளியே போய் உட்கார விரும்பினால் காரணம் கேட்காமல் விட வேண்டும். எழுதியதில் வீட்டுத் துன்பம் தெரிந்தால் சிவப்பு மையைக் கீழே வைத்துவிட்டுப் பேச வேண்டும். ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு இந்த மாதம் வேண்டாம் என்று நான் கருதுவதும் இதனால்தான்.

ஆனால் அச்சத்தைப் பற்றிப் பேசாமலிருந்தால் பிள்ளைகள் அச்சமில்லாமல் வளர்வார்கள் என்பதை நான் ஏற்கவில்லை. கைப்பேசியில் அவர்கள் இரவெல்லாம் பார்ப்பது என்னவென்று நமக்குத் தெரியும். அங்கே ராட்கிளிஃப் ஒதுக்கிய கொடூரம்தான் கொட்டிக்கிடக்கிறது. அதன் நடுவே, சொல்லாமல் சொல்கிற அச்சத்தையும் அதை ஆராய்கிற முறையையும் பள்ளிதான் கொடுக்க முடியும். இங்கிலாந்தில் பதினாறு வயதுப் பிள்ளைகள் எழுதும் பொதுத்தேர்வில், பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்களின் பட்டியலில் மேரி ஷெல்லியின் நூலும், 1886இல் ஸ்டீவன்சன் எழுதிய ஜெக்கில், ஹைட் கதையும் இருக்கின்றன. காரைக்கால் அம்மையார் தன்னைப் பேய் என்றே சொல்லிக்கொண்டு பாடிய மொழி நம்முடையது; போர்க்களத்தில் பேய்கள் கூழ் அடுவதை ஜெயங்கொண்டார் பரணி என்ற போர் இலக்கியமாகவே பாடிவைத்தார். இவ்வளவையும் வைத்துக்கொண்டு நாம் தயங்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சிறுநூல்கள் வந்தபோது பிள்ளைகள் எவ்வளவு மகிழ்ந்தார்கள் என்பதைக் கண்டவள் நான். அதே துறையிடம்தான் இதையும் கேட்கிறேன். புத்தகங்களை அகற்றுவது தலைமையாசிரியர் ஒருவரின் முடிவாக இல்லாமல், தமிழாசிரியரும் மேலாண்மைக் குழுவும் கூடிப் பேசி எழுத்தில் பதியும் முடிவாக இருக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். பிள்ளைகள் எழுதும் இந்தப் பக்கங்களை வகுப்பிலேயே நடக்கும் வளரறி மதிப்பீட்டின் செயல்பாடாக ஏற்றுக்கொள்ளுங்கள். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பது இந்த ஒரு பயிற்சியிலாவது வேண்டாம். நல்ல கதைகளைத் தேர்ந்து, பள்ளி மாணவர்களுக்கான தேன்சிட்டு இதழுக்கு மாவட்டத்தின் சார்பில் அனுப்பலாம்.

இன்னொரு உதவி தங்களால் மட்டுமே முடியும். பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் நிர்வாகத்தில் இருக்கிறது. கண்ணாடிபோல் மின்னும் கறுப்புத் தரை, தாய்க்கொட்டாரத்தின் மர இருட்டு, ஆயிரம் பேர் உண்ணக்கூடிய, இன்று வெறிச்சோடிக் கிடக்கும் ஊட்டுப்புரை ஆகியவற்றின் முன் ஒரு பிள்ளையை நோட்டோடு உட்காரவைத்தால் ஒட்ராண்டோ கோட்டையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சுற்றுலாக் கூட்டத்தோடு வரிசையில் நகர்ந்துகொண்டே எழுத முடியாது. அரசுப் பள்ளி மாணவர்கள் காலை நேரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதச் சிறப்பு அனுமதியும் கட்டணச் சலுகையும் கேட்டுத் தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் திருவனந்தபுரத்துக்குப் போனால் போதும். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை என்பதால் மற்ற நாட்களைக் கேட்க வேண்டும். அங்கிருந்து சிறிது தூரத்தில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. குளச்சல் போரில் 1741இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் தோற்று, பிறகு அவர் படைக்கே தலைமை ஏற்று, 1777இல் இறந்த டச்சுக்காரர் டி லனாய் அங்கே கூரையில்லாத தேவாலயத்துக்குள் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் இருக்கின்றன. அந்தத் தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பதே ஒரு வகுப்புக்கான வேலை. இரண்டு இடத்தையும் ஒரே நாளில் முடித்துவிடலாம்.

நான் வகுப்பில் பயன்படுத்திய பாடக்குறிப்புகள், சீட்டுகள், கதைப்பட்டியல் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். ஜூன் மாத ஆசிரியர் பயிற்சியில் ஓர் அமர்வு ஒதுக்கினால் அவற்றை எல்லோரிடமும் கொடுத்து, செய்தும் காட்டுகிறேன். கடற்கரைப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள் அந்த அமர்வுக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கதைத் தேர்வில் அவர்கள் சொல்வதை வைத்துத்தான் பட்டியலை இறுதி செய்ய முடியும்.

இப்படிக்கு,
கல்குளம் வட்டத் தமிழாசிரியை ஒருவர்